கடைவாய்ப் பல் கொடுத்து வாங்கிய செடி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் செடி ஒன்று மொட்டைத் தலையோடு நின்றால், அதன் மிச்சம் மேனாம்பேட்டில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் மாடிப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு யாரும் புலனாய்வு செய்ய வேண்டியதில்லை. எங்கள் வார்டன் கணு அக்கா இருக்கும்வரை அந்த வட்டாரத்தில் எந்தச் செடியும் முழுசாக வளர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

கணு அக்காவின் உண்மையான பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சிலிண்டர் போடுபவர் ‘கணும்மா’ என்பார். கட்டிடத்துக்குச் சொந்தக்காரரே ‘கணு’ என்றுதான் கூப்பிடுவார். காரணம், எந்தச் செடியின் எந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “கணு எங்க?” தண்டில் இலை முளைக்கும் இடத்தில் சின்ன முடிச்சு இருக்குமே, அதுதான் கணு. வேர் அங்கேயிருந்துதான் வரும். அது இல்லாத துண்டை அவர் செடியாகவே மதிப்பதில்லை. மனிதர்களையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார்.

நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஏதோ ஒரு வயது. ஆண்பிள்ளை போலக் கிராப்பு. நைட்டியின் மேல் முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் கத்திரிக்கோல், ஈரப் பஞ்சு, மடித்த பிளாஸ்டிக் கவர். துக்க வீட்டுக்குப் போனாலும் இந்த மூன்றும் கூடவே போகும். ஒருமுறை அப்படிப் போனவர், இறந்தவரின் மகளிடம் “அழாதம்மா” என்று சொல்லிக்கொண்டே அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த தொட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

நான் அந்த ஹாஸ்டலுக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் எவரும் இல்லை. அப்பா லாரியில் லோடு ஏற்றுபவர். அம்மா ஊத்துக்கோட்டைப் பக்கம் மல்லித் தோட்டங்களில் கூலிக்குப் பூப் பறிப்பவள். நான் பி.காம். முடித்து, எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்றேன். கணு அக்கா அந்த அட்டையை ஏற இறங்கப் பார்த்தார். என்ன படித்தாய் என்று கேட்பார், சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

“இந்தக் கம்பெனில ரிசப்ஷன்ல இன்னா செடி வெச்சிக்கீறாங்க?” என்றார்.

“கவனிக்கலையேக்கா.”

“கவனிக்காம உன்ன எப்டி வேலைக்கு எடுத்தாங்க?”

ஒன்பது மணிக்கு கேட் மூடிவிடும். தாமதமாக வந்தால் அபராதம் உண்டு. அபராதம் என்பது ஒரு குச்சி. வீட்டுக்குள் வளர்ந்து பூக்கிற செடியின் குச்சியாக இருக்க வேண்டும், ஏற்கெனவே அவரிடம் இருக்கக் கூடாது. நான் முதல் தடவை தாமதமானபோது, எங்கள் கம்பெனி வரவேற்பறையில் இருந்த சிவப்புப் பூச்செடியிலிருந்து பெரிய இலை ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன்.

“கணு எங்க?”

“இலை நல்லாத்தானேக்கா இருக்கு?”

“எல நல்லாத்தான் கீது. தண்ணில வெச்சா வேருகூட வுடும். ஆனா மேல ஒண்ணும் வராது. ஆயுசுக்கும் ஒத்த எலையா நின்னுகினு உன்னிய மொறச்சிகினே கெடக்கும். நாளைக்கிக் கணுவோட வா.”

படித்தவள் சும்மா இருப்பேனா? பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தை எடுத்து விட்டேன். “அக்கா, வேர் வர்றதுக்குக் காரணம் ஆக்சின்னு ஒரு ஹார்மோன்.”

அக்காவின் கண்கள் விரிந்தன. “அது எந்தக் கடைல கெடைக்கும்?”

“கடையில இல்லக்கா. தண்டுக்குள்ளயே இருக்கும்.”

“அதுக்குள்ளயே கீதுன்னா அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொன்ன?”

அன்றிலிருந்து எனக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர் வந்தது.

என் அறைத்தோழி பேச்சி திருநெல்வேலிக்காரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் தாமதம் நிச்சயம். புதுப் புதுக் குச்சிக்கு எங்கே போவாள் பாவம்? ஒரு கல்யாண மண்டப வரவேற்பில் நீலப் பூவோடு ஜம்மென்று தொங்கிய கொடியில் ஒரு முழத்தை வெட்டிக்கொண்டு வந்தாள். கணு அக்கா வாங்கினார், தடவினார், முகர்ந்தார். அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“தண்ணில வெச்சு டெய்லி தண்ணி மாத்து. வேரு வந்ததும் எங்கிட்ட காட்டு.”

அது பிளாஸ்டிக் கொடி. பேச்சி ஒரு மாதம் தண்ணீர் மாற்றினாள். தெரிந்த பிறகும் மாற்ற வேண்டியிருந்தது. தண்டனை அதுதான்.

“ஏட்டி, கம்பெனில மேனேசர்ட்ட வாங்குத ஏச்செல்லாம் ஒண்ணுமில்லட்டி. இந்தப் பொம்பள ஏசாமலே கொல்லுதா” என்பாள்.

ஹாஸ்டலில் யாருக்கும் சொந்தமாக டம்ளர் கிடையாது. டீ டம்ளர், ஹார்லிக்ஸ் பாட்டில், பல் தேய்க்கும் பிரஷ் வைத்த கப், எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு தண்டு நின்று வேர் விட்டுக்கொண்டிருக்கும். அரைத்தூக்கத்தில் எடுத்துக் குடித்துவிட்டு, நாக்கில் வேர் தட்டுப்பட்டு அலறியவர்கள் உண்டு. அலறியவளிடம் அக்கா ஓடிவந்து, “வேரு ஒடஞ்சிடுச்சா?” என்று கேட்பார்.

வெட்டிய முனை அழுகாமல் இருக்கப் பட்டைத் தூள் தொட்டு வைப்பார். பட்டை எங்கேயிருந்து வரும்? மெஸ்ஸிலிருந்து. மெஸ்ஸில் சமைப்பவர் பூந்தமல்லிக்காரர், எங்களுக்கெல்லாம் பாய். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரியாணிக்காகவே வாரம் முழுக்க அந்தச் சாம்பாரைப் பொறுத்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு பாய் கரண்டியோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

“கணும்மா, ஊர்ல மனுசன் துன்றதுக்குப் பட்டை. நீங்க குச்சிக்குத் தடவிகினு கீறீங்க. பட்டை இல்லாம தம் போட்டா என் ஊட்ல என்னிய சேத்துப்பாங்களா?”

“பாய், உன் பிரியாணி ஒரு மணி நேரத்துல காலி. என் குச்சி பத்து வருசம் நிக்கும். நீயே சொல்லு, பட்டை யாருக்குப் போவணும்?”

பாய் யோசித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. கணு அக்காவிடம் யோசித்தவர்கள் யாரும் ஜெயித்ததில்லை.

இப்படி ஊரையே வெட்டி வந்த அக்கா, ஒரே ஓர் இடத்தில் தோற்றார். ஆவடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. பேச்சிக்குப் பல்வலி என்று துணைக்குப் போனவர், உள்ளே நுழைந்ததும் பேச்சியை மறந்துவிட்டார். ஜன்னலோரம் ஒரு தொங்கு தொட்டி. தடித்த இலைகளோடு கொடி ஒன்று இறங்கியிருந்தது. அதன் ஒரு காம்பின் நுனியில் பந்துபோல ஒரு கொத்து. ஒவ்வொரு பூவும் மெழுகில் வார்த்த குட்டி நட்சத்திரம், வெளிர் ரோஜா நிறம், நடுவில் சிவப்புப் பொட்டு. நர்சரிக்காரர்கள் ஹோயா என்பார்கள்.

அக்கா வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டு வாங்க முயன்றார். அங்கே டோக்கன் கொடுக்கும் பெண்மணிக்கு ஏறக்குறைய அக்காவின் வயது, அதே அளவு பிடிவாதம்.

“ஒரு குச்சி குடேம்மா.”

“இது டாக்டரோட செடி. தொடக் கூடாது.”

“தொடாம எப்டிக் குடுப்ப? கத்திரிக்கோல் எங்கிட்டயே கீது.”

“டோக்கன் இருந்தா உக்காருங்க. இல்லன்னா கெளம்புங்க.”

அதன்பிறகு அக்காவுக்கும் பல்வலி வந்தது. அடிக்கடி வந்தது. சுத்தம் செய்துகொள்ளப் போனார், கூச்சம் என்று போனார், எதிர்காலத்தில் வலிக்கலாம் என்று போனார். ஒவ்வொரு தடவையும் அந்தத் தொட்டிக்குக் கீழேதான் உட்கார்ந்தார். டோக்கன் மேடத்தின் கண் ஒரு நொடிகூட அவரை விட்டு அகலவில்லை. கடைசியில் டாக்டர், கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, இப்போதைக்குத் தொந்தரவில்லை, விருப்பப்பட்டால் எடுக்கலாம் என்றார். அக்கா ‘எடுங்க’ என்று வாயைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்தபோது வாய் நிறையப் பஞ்சு, கன்னம் பன் மாதிரி வீக்கம், கண்ணில் நீர். அந்தக் கோலத்தில் டோக்கன் மேடத்தின் முன்னால் நின்று, செடியைக் கை காட்டி, “ம்ம் ம்ம் ம்ம்ம்” என்றிருக்கிறார். அந்த அம்மாள் மிரண்டு போய்விட்டார். உட்கார்ந்திருந்த நோயாளிகளில் இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

“எடுத்துட்டுப் போம்மா தாயே! ஆனா ஒண்ணு, ஒங்க வீட்ல இது வளரும், பூக்காது. இங்க ஏசி, வெளிச்சம் எல்லாம் அளவா இருக்கு. பூத்தா சொல்லு, நானே நேர்ல வந்து பாக்குறேன்.”

“ம்ம்!” என்றார் அக்கா. அது சவால் ஏற்கப்பட்டது என்பதன் பஞ்சு மொழி.

பல்லை அங்கேயே விட்டுவிட்டு, குச்சியோடு வந்தார். அதை அவர் கவனித்த மாதிரி, பெற்ற பிள்ளையை யாரும் கவனித்து நான் பார்த்ததில்லை. வெட்டிய இடத்தில் பால் வடியும் ஜாதி அது. பால் உலரும்வரை விசிறினார். கணுவுக்கு ஒரு விரல் கீழே மறுபடி சீராக வெட்டினார். கீழ் இலைகளைக் கிள்ளினார். பட்டைத் தூள் தொட்டார். நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளில் ஊன்றினார். இட்லி மாவு வந்த கவரைக் கழுவித் தொப்பி போலக் கவிழ்த்துக் கட்டினார். பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு சொற்பொழிவு.

“தோ பார், வேரு வந்துச்சானு எவளாச்சும் இழுத்துப் பாத்தீங்க, நான் உங்க காத இழுத்துப் பாப்பேன்.”

வேர் வந்தது. கொடி வளர்ந்தது. மாடிப்படி திரும்பும் இடத்தில் கிழக்கு ஜன்னலில் அதற்கு இடம். ஒரு வருஷம் போனது, பூ இல்லை. இரண்டு வருஷம் போனது, இலை மட்டும் அப்பளம் அப்பளமாக வந்தது. பேச்சிக்குச் சம்பளம் உயர்ந்தது, பாய்க்குப் பேரன் பிறந்தான், எனக்கு வேலை நிரந்தரமானது. கொடி அப்படியே ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தது. நடுநடுவே ஆவடியிலிருந்து டோக்கன் மேடம் போன் செய்து, “என்னம்மா, பூத்துச்சா?” என்று கேட்பார். அக்கா பட்டென்று போனை வைத்துவிட்டு, அன்றைக்கு எங்கள் எல்லோரையும் முறைத்துக்கொண்டே சோறு போடுவார்.

மூன்றாம் வருஷம் ஒருநாள் காலை மாடிப்படியில் ஒரு கூச்சல். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடினோம். அக்கா ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். இலை இடுக்கில் ஒரு குட்டைக் காம்பு, அதன் நுனியில் கடுகு கடுகாக மொட்டு.

அன்றிலிருந்து ஹாஸ்டலில் ஊரடங்கு. மொட்டு விட்ட ஹோயாவை அசைத்தால் மொட்டு உதிர்ந்துவிடுமாம். படியில் ஓடக் கூடாது. பெட்டி தூக்கினால் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏற வேண்டும். அந்தத் திருப்பத்தில் போனில் சிரிக்கக் கூடாது. பேச்சிக்கு ஒருநாள் தும்மல் வந்தது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி, மொட்டை மாடியில் போய்த் தும்மிவிட்டு வந்தாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பூத்த பிறகும் அதைத் தொடக் கூடாது. காம்பைக் கிள்ளவே கூடாது. இந்தச் செடி உதிர்ந்த பூவின் அதே காம்பிலிருந்துதான் மறுபடி மறுபடி பூக்கும். காம்பு போனால் புதுக் காம்பு வரக் காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்று செடிக்குத்தான் தெரியும்.

கொத்து விரிந்தது. வெளிர் ரோஜா நட்சத்திரங்கள், இருபதுக்குக் குறையாது. மாடிப்படி முழுக்க இனிப்பு வாசனை. அக்கா ஆவடிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார், நாங்களும் கேட்க வேண்டுமென்று.

“பூத்துகீது. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வா. வர்றப்போ என் பல்லு இன்னும் கீதானு பாத்து எடுத்துகினு வா.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் அம்மா வந்தாள்.

இத்தனை வருஷத்தில் அம்மா ஹாஸ்டலுக்கு வந்ததே இல்லை. படித்த பெண்கள் இருக்கிற இடம், நான் வந்து என்ன பேசுவது என்பாள். வேலை நிரந்தரமான சந்தோஷத்தில் நான் பிடிவாதமாக வரச் சொன்னேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வாடியிருந்தது.

“மழைல மொட்டெல்லாம் அழுகிப் போச்சு பாப்பா. ஒனக்கு ஒரு மொழம் மல்லிகூட எடுத்தார முடியல. மொத தபா வரேன், வெறுங்கையா வந்துட்டேன்.”

“பூவா முக்கியம்? நீ மேல போம்மா, மூணாவது ரூம். நான் பாய்கிட்ட டீ சொல்லிட்டு வரேன்.”

டீ சொல்லிவிட்டு நான் மேலே போனபோது, அம்மா என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வாட்டம் போன இடம் தெரியவில்லை. உள்ளங்கையில் ஏதோ வைத்திருந்தாள். பேச்சி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பேய் அறைந்தவள்போல நின்றிருந்தாள்.

“ஏட்டி,” என்றாள் பேச்சி, சத்தமே வராமல். “ஒங்கம்மை கையப் பாரு.”

காம்போடு, ஓர் இதழ் கசங்காமல், முழுக் கொத்து.

“படிக்கட்டுல பூத்துகினு இருந்துச்சு பாப்பா. யாருமே பறிக்கல. எனக்கு மனசே கேக்கல. பூத்தத எடுக்காம உட்டா செடிக்குத்தான கஷ்டம்? அடுத்த மொட்டு எப்டி வரும்?”

மல்லிக்கு அது சரி. அம்மா வாழ்நாள் முழுக்க மல்லியோடு இருந்தவள். பூவைப் பார்த்தால் அவள் கை அவளைக் கேட்காது.

பூ போனதுகூட அப்புறம். அக்கா வந்து கத்தப் போகிறார். தோட்டத்தில் மேஸ்திரி அம்மாவைத் திட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நான் சம்பாதித்து, நான் வாடகை கொடுத்து இருக்கிற கட்டிடத்தில், முதல் தடவை வந்த அன்றைக்கு, இத்தனை பெண்களுக்கு முன்னால் அம்மா தலைகுனிந்து நிற்கக் கூடாது. அதற்கு நான் என்ன செய்வது? பசை போட்டு ஒட்டவா முடியும்?

அதற்குள் செய்தி பரவி, எல்லா அறையிலிருந்தும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பூவைத் தனியாக வைத்துக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. பக்கத்தில் இருக்கும் பெண்களுக்கும் கிள்ளிக் கொடுத்துத்தான் வைக்க வேண்டும்.

“வாங்கம்மா, வாங்க. தலையக் காட்டுங்க.”

ஒவ்வொரு நட்சத்திரமாகக் கிள்ளி, ஒவ்வொருத்தி தலையிலும் செருக ஆரம்பித்தாள். யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொருத்தியாகத் தூக்குத் தண்டனைக்குப் போவதுபோலத் தலையைக் கொடுத்தார்கள். பேச்சி வைத்துக்கொண்டு என் காதில், “பூ நல்லா இருக்குட்டி. ஆனா இன்னைக்குச் சாவு நிச்சயம்” என்றாள்.

கீழே படியில் செருப்புச் சத்தம். அக்கா வருகிறார். விருந்தாளிக்காகப் புது நைட்டி, அதன் மேல் இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிஸ்கட் தட்டு. சத்தம் திருப்பத்தில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. தட்டில் ஒரு பிஸ்கட் நகர்ந்த ஒலிகூடக் கேட்டது. பிறகு மெதுவாக மேலே வந்தார். வாசலில் நின்றார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை, பல் பிடுங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை.

வாயைத் திறந்தார்.

“டீச்சரம்மாவா?” என்று அம்மா மரியாதையாக எழுந்தாள். கட்டிடத்துக்குள் அதிகாரமாக நடந்துவரும் பெண்கள் எல்லோரும் அம்மாவுக்கு டீச்சரம்மாதான். “ஒங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். கொஞ்சம் குனிங்க.”

அக்கா ஏன் குனிந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குனிந்தார். அம்மா அந்தக் கிராப்புத் தலையைத் தடவி, செருக இடம் தேடித் திகைத்தாள்.

“முடி எங்கம்மா? கோயில்ல குடுத்தீங்களா?”

“இல்ல,” என்றார் அக்கா. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “சும்மா வெட்டிக்கினேன்.”

“பரவால்ல, வளந்துரும்.” அம்மா தன் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவி, காதுக்கு மேலே நட்சத்திரத்தைக் குத்தி நிறுத்தினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். “அம்சமா கீது.”

அக்கா காதோரம் கையைக் கொண்டுபோனார். தொடவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டார். “இந்தப் பூவ நீங்களா பறிச்சீங்க?”

“ஆமாம்மா. பூத்து ரெண்டு மூணு நாளு ஆயிருக்கும்போல. இத்தினி பொண்ணுங்க கீறாங்க, படிச்ச பொண்ணுங்க, ஒருத்திக்காச்சும் பறிக்கணும்னு தோணல பாருங்க!”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அதத்தான் நானும் தெனம் சொல்லிகினே கீறேன்,” என்றார் கணு அக்கா. “இதுங்க எங்க கேக்குது?”

பேச்சிக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா ஒரு பார்வை பார்த்தார், இருமல் வந்த வழியே போய்விட்டது.

சரியாக நாலு மணிக்கு டோக்கன் மேடம் வந்தார். பட்டுப்புடவை, கைப்பை, தோற்றுப்போனவருக்கு ஆறுதல் சொல்ல வந்த முகம். திருப்பத்தில் வெறும் கொடியைப் பார்த்ததும் அந்த முகம் இன்னும் மலர்ந்தது.

“எங்கம்மா பூ?”

“மேல வா. எண்ணிக்கோ.”

மேலே வந்தவர் எங்கள் தலைகளைப் பார்த்தார். ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். கடைசியில் கிராப்புத் தலையைப் பார்த்தார்.

“இது கடைல வாங்கினதா?”

“கோயம்பேட்டுல கட கடையா ஏறி எறங்கு. ஒண்ணு கெடச்சா நான் மிச்ச முடியையும் எடுத்துடறேன்.”

“பூத்தத யாராவது பறிப்பாங்களா? டாக்டர் பாத்தா...”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கடைசி நட்சத்திரத்தை அவர் கொண்டையில் செருகிவிட்டாள். “ஒங்களுக்கு நல்லா எடுப்பா கீது. ஒங்க ஊட்லயும் இந்தச் செடி கீதா? டெய்லி வெச்சுக்குவீங்களா?”

இத்தனை வருஷம் அந்தப் பூவுக்குக் கீழேயே உட்கார்ந்து காவல் காத்த டோக்கன் மேடம், ஒரு நாள்கூட அதைத் தலையில் வைத்ததில்லை. மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “இங்க கண்ணாடி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அதன்பிறகு அங்கே நடந்தது ஒரு கல்யாண வீடு. பாய் டீயோடு வந்து, எல்லார் தலையையும் பார்த்து, ஒன்றும் புரியாமல், “இன்னா விசேஷம்?” என்று கேட்டார். டோக்கன் மேடம் இரண்டு டீ குடித்தார். அம்மா படித்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மழையில் மொட்டு அழுகி வெறுங்கையோடு வந்த கதையைச் சொன்னாள், மல்லியை விடியுமுன் ஏன் பறிக்க வேண்டும் என்று விளக்கினாள். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அம்மா, “டீச்சரம்மா, அந்தக் கொடில ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்களேன்” என்று கேட்டுவிட்டாள். நாங்கள் மூச்சை நிறுத்தினோம். கணு அக்கா வாங்கித்தான் பார்த்திருக்கிறோம், கொடுத்து எவரும் பார்த்ததில்லை. அக்கா சட்டைப் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார். கொடியில் இருந்ததிலேயே நீளமான கிளையாகப் பார்த்து வெட்டினார். பால் உலரும்வரை வாயால் ஊதினார். ஈரப் பஞ்சு சுற்றி, கவரில் போட்டு, அம்மா கையில் கொடுத்தார்.

அம்மாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். மெஸ்ஸில் அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தார். காதுக்கு மேலே நட்சத்திரம் அப்படியே இருந்தது. எதிரே போய் உட்கார்ந்தேன்.

“அக்கா, அம்மாவுக்குத் தெரியாதுக்கா...”

“சோத்தப் போட்டுகினு சாப்டு.”

“மூணு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தீங்க...”

“கொழம்ப எடு.”

நான் குழம்பு வாளியை நகர்த்தினேன். அவருக்கு இடது பக்கத்தில்தான் வாளி இருந்தது. அவர் தலையைத் திருப்பவே இல்லை. நேராகச் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டித் துழாவி வாங்கிக்கொண்டார். பாய் பின்னாலிருந்து கூப்பிட்டபோது, கழுத்தை அசைக்காமல் உடம்போடு சேர்ந்து மொத்தமாகத் திரும்பினார்.

“கழுத்து பிடிச்சுக்கிச்சாக்கா?”

“ஊசி வழுக்கிகினு கீது,” என்றார். கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, சுவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

“உங்கம்மாவ, பூ கீதா, மழ பேஞ்சிதானு பாத்துகினு இருக்க வேணாம்னு சொல்லு. சும்மா வரச் சொல்லு.”